உயிரோடு பிடிபட்டவனின் மனைவி

எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் ஆண்டு விழாவுக்கு இம்முறை சிலி நாட்டுச் சரித்திரத்தை நாடகமாகப் போடுவது என்று முடிவெடுத்தவர் டிறெக்டர் அண்ணை. எழுத்து, இயக்கம், கதாநாயகன் மூன்றும் அவரே. அவரை டிறெக்டர் அண்ணை என்று முதன்முதலில் அழைத்ததும் அவராகத்தான் இருக்கவேண்டும். வார நாட்களில் வீடு விற்பார். ஸ்காபரோ பஸ் தரிப்பிடங்களில் கைகட்டிக்கொண்டு சிரிக்கும் விளம்பரப் படங்களில் ஒன்று அவருடையது. எண்பதுகளிலேயே கனடாவுக்கு வந்து இறங்கிவிட்டார். அதற்குப் பிறகு ஊரில் நடந்த ஒவ்வொரு சண்டையையும் இங்கே வரவேற்பறைச் சோபாவில் இருந்து நடத்தி முடித்தவர்.

சிலிக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், பிழை என்னுடையது. நான் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறேன். பல்லில்லாதவர்களுக்குச் சாப்பாட்டை அரைத்துக் களியாக்குவது என் பகுதி. என்னோடு வேலை செய்பவள் சிலியிலிருந்து சின்ன வயதில் தாயோடு வந்தவள். தாய் மபூச்சே இனம். கரட் சீவுகிற நேரங்களில் அவள் தன் சனத்தின் கதையை எனக்குச் சொல்லுவாள், நான் எங்கள் சனத்தின் கதையை அவளுக்குச் சொல்லுவேன். இரண்டு பேருக்குமே கதை முடிவதற்குள் கரட் முடிந்துவிடும்.

ஸ்பானியர் தென்னமெரிக்காவின் பெரிய பெரிய இராச்சியங்களை எல்லாம் விழுத்திக்கொண்டு வந்து கடைசியில் மபூச்சேக்களிடம் மாட்டிக்கொண்டார்கள். அவர்களுக்கு ஒரு பேரரசனும் இல்லை, தலைநகரும் இல்லை. எதைப் பிடித்தால் யுத்தம் முடியும் என்றே ஸ்பானியருக்கு விளங்கவில்லை. முன்பின் குதிரையைக் கண்டிராத சனம் கொஞ்சக் காலத்துக்குள் குதிரை மேலேயே திருப்பி வந்தது. ஸ்பானிய ஆளுநரைக் கொன்றார்கள். கோட்டைகளை எரித்தார்கள். ஒரு பெரிய ஆற்றுக்குத் தெற்கே ஸ்பானியரைக் குடியிருக்க விடாமல் இருநூறு வருஷத்துக்கு மேல் வைத்திருந்தார்கள். இதைக் கேட்டுவிட்டு நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஒரு பிறந்தநாள் வீட்டில் டிறெக்டர் அண்ணையிடம் பெரிய மனுசிபோல எடுத்துச் சொன்னேன்.

“தங்கச்சி, உது அப்பிடியே எங்கட கதையெல்லோ” என்றார்.

“அப்பிடியே இல்லை அண்ணை. அவை கனகாலம் பிடிச்சு நிண்டவை.”

“விட்டிருந்தா நாங்களும் நிண்டிருப்பம்.”

இந்த ‘நாங்கள்’ என்ற சொல்லை அவர் எவ்வளவு தாராளமாகப் பாவிக்கிறார் என்பதை நான் அன்றைக்கே கவனித்திருக்க வேண்டும். ஒரு கிழமையில் நாடகம் எழுதி முடிந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் நடித்திருக்கிறேன், குரலும் இருக்கிறது என்று சொல்லி என்னைத் தலைவனின் மனைவியாகப் போட்டார். எனக்கும் உள்ளுக்குள் சந்தோஷம்தான். நாள் முழுக்க மற்றவர்களின் சாப்பாட்டை அரைக்கிற ஒருத்திக்கு ஒரு மேடை கிடைத்தால் வேண்டாம் என்று சொல்ல வராது.

சனிக்கிழமைப் பின்னேரங்களில் ஒரு பிளாசாவில், சாறிக் கடைக்குக் கீழே உள்ள நிலவறையில் ஒத்திகை. மபூச்சேக்கள் யுத்தத் தலைவனைத் தெரிவு செய்ய ஒரு போட்டி வைத்தார்களாம். பெரிய மரக்குற்றியைத் தோளில் வைத்துக்கொண்டு அதிக நேரம் நடக்கிறவனே தலைவன். ஒருவன் நாட்கணக்காக இறக்காமல் நடந்து வென்றானாம். டிறெக்டர் அண்ணைக்கு இந்தக் காட்சியில் அளவில்லாத ஆசை. கார்ப்பெட் சுற்றி வருகிற மட்டைக் குழாய்க்கு மண்ணிறப் பெயின்ற் அடித்துக் குற்றியாக்கினார்கள். மூன்றாவது சுற்றில் மட்டைக் குழாய்க்கே அவருக்கு மூச்சு வாங்கியது. அந்த நேரம் பார்த்துப் போன் அடிக்க, குற்றியைத் தோளில் வைத்தபடியே “ஓப்பின் ஹவுஸ் ரெண்டு மணிக்கு, காரேஜ் ரெண்டு காருக்கு” என்று விளங்கப்படுத்தினார். ஸ்பானியரைத் தோற்கடிக்கப் புறப்பட்ட தலைவன் அன்று ஒரு வீட்டையும் காட்டி முடித்தான்.

உடுப்பைப் பற்றிச் சொல்லாமல் விடுவதுதான் மரியாதை. ஆனாலும் சொல்லுகிறேன். ஹலோவீன் சாமான் விற்கிற கடையில் மலிவு விற்பனையில் இருந்த இறகுக் கிரீடங்களைப் பெட்டியோடு வாங்கி வந்து எல்லாருக்கும் மாட்டிவிட்டார். சிவப்பு, பச்சை, ஊதா. மபூச்சேக்கள் தலையில் நெய்த பட்டி கட்டுகிறவர்கள் என்று நான் சொன்னேன். “பின்னால இருக்கிற சனத்துக்குப் பட்டி தெரியாது தங்கச்சி, இறகுதான் தெரியும்” என்றார். அவருடைய சரித்திர ஆராய்ச்சி முழுவதும் பின்வரிசைச் சனத்தை நம்பி நடந்தது.

என் கணவர்தான் என்னைக் காரில் ஒத்திகைக்குக் கொண்டுவந்து விடுவார். விட்டுவிட்டுப் பின்னால் ஒரு கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு பார்ப்பார். ஒஷாவாவில் ஒரு வெயர்ஹவுசில் போர்க்லிஃப்ற் ஓட்டுகிறார். ஊரில் இயக்கத்தில் வாகனம் திருத்துகிற பகுதியில் இருந்தவர். கடைசி யுத்தத்தின் முடிவில் வட்டுவாகல் பாலத்தைக் கடந்து வந்து இராணுவத்திடம் சரணடைந்தவர். இரண்டு வருஷத்துக்கு மேல் தடுப்பு முகாமில் இருந்தார். அன்றைக்குப் பஸ்களில் ஏற்றிக்கொண்டு போன பலரை அதற்குப் பிறகு ஒருவரும் காணவில்லை. இவர் திரும்பி வந்தார். அப்போது கைப்பிள்ளையாக இருந்த எங்கள் மகள் இப்போது கார் ஓட்டப் பழகுகிறாள்.

அவர் திரும்பி வந்ததை ஸ்காபரோவில் சிலர் அவர் செய்த ஒரு களவைப்போலத்தான் கதைப்பார்கள். முகத்துக்கு முன்னால் கேட்டவர் டிறெக்டர் அண்ணை ஒருவர்தான். ஒரு புது வீட்டுக் குடிபூரலில், மட்டன் றோல்ஸைக் கடித்தபடி, “மற்றவை எல்லாரும் போக, நீர் எப்பிடித் தப்பினனீர்?” என்று கேட்டார். “தெரியேல்லை அண்ணை” என்றார் இவர். டிறெக்டர் அண்ணை தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த றோல்ஸ் எடுக்கப் போய்விட்டார்.

மூன்றாவது ஒத்திகைக்கு அவர் புதிதாக ஒரு காட்சி எழுதிக்கொண்டு வந்தார். இன்ரநெற்றில் வாசித்தாராம். மரக்குற்றி சுமந்த அந்தத் தலைவனை ஸ்பானியர் உயிரோடு பிடித்துக் கட்டிக்கொண்டு வருகிறார்கள். மனைவி கைக்குழந்தையோடு ஓடி வருகிறாள். சண்டையில் செத்திருப்பான் என்று நினைத்தவன் கட்டுண்டு நிற்பதைக் கண்டு அவளுக்கு அருவருப்பு வருகிறது. குழந்தையை அவன் காலடியில் எறிந்துவிட்டுத் திரும்பிப் பாராமல் போகிறாள். எனக்கு எழுதியிருந்த வசனம் இது: ‘உயிரோடு பிடிபட்ட கோழையே! உன் குருதியில் பிறந்த இப்பிள்ளை என் கைகளுக்குப் பாரம்! நீயே வைத்துக்கொள்!’ அந்தத் தாளில் எழுத்துகளை விட வியப்புக்குறிகள் கூட.

“வீரத்தாய். எங்கட சங்க காலம் அப்பிடியே சிலியில இருந்திருக்கு, பாரும்” என்றார்.

“அண்ணை, உந்தச் சீன் வேணுமே?”

“உதுதான் நாடகத்தின்ர உயிர், தங்கச்சி. சனம் அழும்.” பிறகு பின்னால் இருந்த என் கணவரை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “அவரை ஒண்டும் சொல்லேல்லை. உது மபூச்சே.”

நான் அன்றைக்கே தாளை அவர் கையில் கொடுத்துவிட்டு வந்திருக்கவேண்டும். வரவில்லை. ஏன் விலகுகிறேன் என்று சொல்லவேண்டி வரும், அதைச் சொல்லப் பயம். மேடை ஆசையும் விடவில்லை. இரண்டையும் மறைக்க ‘ஒரு நாடகம்தானே’ என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

வீட்டுக் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டு பாடமாக்கினேன். என் கணவர் வந்து தாளை எடுத்தார். “தாரும், நான் பார்த்துச் சொல்லுறன்” என்று சொல்லி, ஸ்பானியத் தளபதியின் வசனத்தை மருந்துப் போத்தல் லேபிளை வாசிப்பதுபோல வாசித்தார். என் முறை வந்தது. சொன்னேன்.

“கோழையே எண்டதை விட்டிட்டீர்.”

“தெரியும்.”

“திருப்பிச் சொல்லும். இன்னும் வெறுப்பாச் சொல்லவேணும். உப்பிடிச் சொன்னாப் பின்னால கேளாது.”

“நீங்கள் விடுங்கோ, நான் பிறகு படிக்கிறன்.”

“உமக்கு உந்தச் சீன்தானே பெரிசு. வடிவாச் செய்யவேணும்.”

நாலு தரம் சொல்லவைத்தார். நாலாவது தரம் “இப்ப சரி” என்றார். நான் அடுத்த வெங்காயத்தை எடுத்தேன்.

அவரை உயிரோடு வரவைத்தது நான்தான். பாலத்துக்கு இந்தப் பக்கம், சனம் எல்லாம் நடக்கத் தொடங்கிய பிறகும் அவர் நின்றார். “நீர் பிள்ளையைக் கொண்டு போம், நான் நிக்கிறன்” என்றார். நின்றால் என்ன நடக்கும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். நான் பிள்ளையை அவர் கையில் திணித்துவிட்டு முன்னுக்கு நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. பிள்ளையோடு அவரால் அங்கே நிற்க முடியாது என்று எனக்குத் தெரியும். பின்னால் வந்தார். பாலத்துக்கு அங்கால், இயக்கத்தில் ஒரு நாள் இருந்தவரும் வந்து பதியவேண்டும் என்று ஒலிபெருக்கியில் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தபோது, “போங்கோ, பதிஞ்சாத்தான் விடுவாங்கள்” என்று சொன்னதும் நான்தான்.

இதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. அவரும் சொன்னதில்லை. எங்களுக்குள்ளேயும் இதைப் பற்றி ஒரு கதை இல்லை. குடிபூரலில் அந்தக் கேள்வி கேட்கப்பட்டபோது நான் பக்கத்தில் பிளேற்றும் கையுமாக நின்றேன். நான்தான் கூட்டிக்கொண்டு வந்தனான் என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். சொன்னால் என்னைப் பற்றியும் கதைப்பார்கள் என்று வாயை மூடிக்கொண்டேன். டிறெக்டர் அண்ணையை இவ்வளவு நக்கலடிக்கிற வாய் அன்றைக்கு மட்டன் றோல்ஸை மென்றுகொண்டிருந்தது.

அடுத்த கிழமை டிறெக்டர் அண்ணை, என்னோடு வேலை செய்கிறவளை விழாவுக்குப் பிரதம விருந்தினராகக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தவேண்டும் என்றார். முதலில் ஒத்திகைக்குக் கூட்டிவரச் சொன்னார். வந்தாள். ஊதா இறகுகளைப் பார்த்தபடி கோப்பியை ஒரு வாய் குடித்தாள். எறிகிற காட்சி முடிந்ததும் என்ன நடக்கிறது என்று கேட்டாள். ஆங்கிலத்தில் விளக்கினேன்.

“இதை யார் எழுதினது தெரியுமா?” என்றாள். “எங்களோடு சண்டை பிடிக்க வந்த ஒரு ஸ்பானியச் சிப்பாய். கவிதையும் எழுதுவான். எதிரியையும் எதிரியின் மனைவியையும் மலையளவு உயர்த்தி எழுதினால்தானே அவன் ஆட்கள் பிடித்தது பெரிய காரியமாக இருக்கும். என் அம்மாவுக்கு இந்தக் கதை கேட்டாலே கோபம் வரும். பிள்ளையை எறிகிறவளை எங்கள் வீட்டில் ஒருவரும் வீரத்தாய் என்று சொல்லமாட்டார்கள்.”

பிறகு கரட் சீவுகிற அதே அமைதியான குரலில் சொன்னாள். “அவ்வளவு காலம் எப்படி நின்றோம் என்று நினைக்கிறாய்? சண்டை பிடித்தோம், காட்டுக்குள் ஓடினோம், ஒளித்தோம். ஸ்பானியரோடு நாட்கணக்காக இருந்து பேசினோம். அவர்களின் சாப்பாட்டைச் சாப்பிட்டோம், பரிசு வாங்கினோம், ஒப்பந்தம் எழுதினோம். திரும்பவும் சண்டை பிடித்தோம். எங்கள் ஆட்களில் சிலர் அவர்கள் பக்கமும் நின்றார்கள். பிடிபட்டுத் திரும்பி வந்தவர்களை எல்லாம் கோழை என்று துரத்தியிருந்தால் நான் எங்கே இருந்து வந்திருப்பேன்?”

ஒரு சொல் விடாமல் டிறெக்டர் அண்ணைக்குத் தமிழில் சொன்னேன். கவனமாகத்தான் கேட்டார்.

“பேச்சுவார்த்தைச் சீன் வைச்சாச் சனம் எழும்பிப் போயிடும், தங்கச்சி” என்றார். “அவவுக்குத் தன்ர சரித்திரம் வடிவாத் தெரியாது போல.”

“என்ன சொல்கிறார்?” என்று அவள் கேட்டாள்.

“நன்றி சொல்கிறார்” என்றேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். விழாவன்று தனக்கு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள். வேலை அட்டவணை எனக்கும் தெரியும். அன்று அவளுக்கு லீவு.

விழா ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஒரு உயர்நிலைப் பள்ளி மண்டபத்தில் நடந்தது. விளக்கேற்றல், இறந்தவர்களுக்கு அகவணக்கம், தலைவர் உரை, தலைவர் உரையைப் பாராட்டி உபதலைவர் உரை. பிறகு சினிமாப் பாட்டுகளுக்குப் பிள்ளைகளின் நடனம். அதற்குப் பிறகு நாங்கள். என் கணவர் மூன்றாவது வரிசை ஓரக் கதிரையில் இருந்தார். வேலைக்குப் போடுகிற சப்பாத்தை மாற்றி, நல்ல சேட் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

மட்டைக் குழாய் நன்றாகவே நடித்தது. சனம் கைதட்டியது. ஸ்பானியர் இருவர் தலைக்கவசம் கழன்று விழ விழச் செத்தார்கள். கடைசியில் டிறெக்டர் அண்ணையைக் கொண்டுவந்து தூணில் கட்டினார்கள். தத்ரூபமாக இருக்கவேண்டும் என்று தானே சொல்லி இறுக்கிக் கட்டச் செய்திருந்தார். நான் டொலர் கடைப் பொம்மையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடி வந்தேன். அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

வாயைத் திறந்தேன். வசனம் வரவில்லை.

“ம், கோழையே” என்று டிறெக்டர் அண்ணை வாய்க்குள் சொன்னார்.

நான் மூன்றாவது வரிசையைப் பார்த்தேன். நான் மறந்துவிட்டேன் என்று நினைத்து என் கணவர் கதிரையின் நுனிக்கு வந்திருந்தார். எனக்கு எடுத்துக்கொடுக்க உதடுகளை அசைத்துக்கொண்டிருந்தார். கோழையே. உயிரோடு பிடிபட்ட கோழையே. குசினியில் சொல்லித்தந்த அதே பொறுமையோடு, சத்தமில்லாமல், திரும்பத் திரும்ப. எனக்கு அப்போது வந்த வெறுப்பு டிறெக்டர் அண்ணையில் இல்லை, அந்தக் கவிதை எழுதிய சிப்பாயிலும் இல்லை. என்மேல்தான்.

அந்தச் செந்தமிழை விட்டுவிட்டேன். வீட்டில் கதைக்கிறது போலவே வந்தது.

“உங்களை உயிரோட வரச்சொன்னது நான்தான்” என்றேன். மைக் நல்ல மைக், பின்வரிசை வரைக்கும் கேட்டிருக்கும். “நீங்கள் நிக்கத்தான் நிண்டனீங்கள். பிள்ளையை உங்கட கையில தந்து நடக்கவைச்சது நான். எப்பிடித் தப்பினனீர் எண்டு ஆரும் கேட்டா இனி என்னைக் கேக்கட்டும்.”

பொம்மையை டிறெக்டர் அண்ணையின் கட்டிய கைகளுக்குள் செருகினேன். அவர் நெஞ்சு இறங்கிவிட்டது. “என்ன விசர் வேலை உது” என்றார். அதுவும் மைக்கில் போனது. முன்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். பின்னால் யாரோ கைதட்டத் தொடங்க, மற்றவர்களும் தட்டினார்கள். திரையை மூடினார்கள். திரைக்குப் பின்னால் அவர் கட்டை அவிழ்க்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. அவ்வளவு நேரமும் பொம்மையை வைத்துக்கொண்டு என்னை ஏசினார்.

“முழு நாடகத்தையும் நாசமாக்கிப்போட்டீர். சரித்திரத்தை மாத்த உமக்கு என்ன உரிமை இருக்கு?”

“எறிய மனம் வரேல்லை அண்ணை.”

“உமக்கு நடிக்கத் தெரியாது.”

“ஓம் அண்ணை” என்றேன். அன்றைக்கு அவர் சொன்ன ஒரே உண்மை அது.

சாப்பாட்டு வரிசையில் ஒரு அன்ரி என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. “நல்லா இருந்தது பிள்ளை. அந்தச் சனத்தில உண்மையா அப்பிடித்தான் நடந்ததோ?” என்று கேட்டார்.

“ஓம் அன்ரி, அப்பிடித்தான் நடந்தது” என்றேன். அவர் கொத்துரொட்டியை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்.

பார்க்கிங்கில் காருக்குள் ஏறிய பிறகும் என் கணவர் திறப்பைப் போட்டுக் காரைக் கிளப்பவில்லை. முன்கண்ணாடிக்கு அங்கால் சனம் சாப்பாட்டுப் பார்சல்களோடு கார் தேடிக்கொண்டு திரிந்தது. எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் துணிவு வரவில்லை.

“வசனத்தை மறக்கேல்லைத்தானே?” என்று கேட்டார்.

“இல்லை.”

ஸ்டியறிங்கை இரண்டு கையாலும் பிடித்தார்.

“உதை அவ்வளவு சனத்துக்கு முன்னால சொல்லியிருக்கத் தேவையில்லை” என்றார். “இத்தினை வருஷத்தில ஒருக்கா எனக்குச் சொல்லியிருந்தாப் போதும்.”